பணம் யார் பெயரில் வருகிறது? பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலைகளில் எதை எடுப்பது

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு போன். என் பழைய லேபில் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண், பிஎச்டி வைவா முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "அக்கா, ரெண்டு இடத்துல ஆஃபர் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். எதுல சேரட்டும்?" ஒன்று, அவள் துறையில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த பெரிய லேப், ஓராண்டுப் பணி, ‘நிதியைப் பொறுத்து நீட்டிக்கப்படலாம்’. இன்னொன்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் பேராசிரியராகச் சேர்ந்த ஒருவருடையது. மொத்தமே நாலு பேர், ஆனால் மூன்று ஆண்டுப் பணி. இது போக, செப்டம்பரில் வேறொரு பேராசிரியரோடு சேர்ந்து, அவள் பெயரிலேயே நிதி தரும் ஒரு ஃபெலோஷிப்புக்கும் விண்ணப்பித்திருக்கிறாள்; அதன் முடிவு பிப்ரவரியில்தான் வரும்.

ஒரு எக்செல் ஷீட்டும் போட்டு வைத்திருந்தாள். சம்பளம், லேபின் பெயர், பேப்பர் எண்ணிக்கை, கருவிகள், பேராசிரியரின் குணம் (இதற்கு எப்படி மார்க் போட்டாள் என்று நான் கேட்கவில்லை). கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் 41. அதனால்தான் போன்.

அந்த ஷீட்டில் ஒரு கட்டம் இல்லை. இந்தச் சம்பளப் பணம் யார் பெயரில் வருகிறது, எந்தத் தேதியோடு முடிகிறது? பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதெல்லாம் உள்ளே வேறு வேறு சரக்கு. பேராசிரியர் தன் ஆய்வுத் திட்டத்துக்கு வாங்கிய நிதியிலிருந்து, அதாவது கிராண்டிலிருந்து, வரும் வேலை, நீங்களே எழுதி வாங்கும் ஃபெலோஷிப், பல்கலைக்கழகமோ அதன் கருவி மையமோ தன் கணக்கிலிருந்து சம்பளம் தரும் வேலை. யாரிடம் பதில் சொல்வீர்கள், எதை ஆராய்வீர்கள், போகும்போது எதைக் கையோடு எடுத்துப் போவீர்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். லேபின் பெயரெல்லாம் அப்புறம்.

முதலில் விளம்பரத்தில் வரும் போஸ்ட்டாக் வேலை (பிஎச்டி முடித்தவர்கள் செய்யும் தற்காலிக ஆராய்ச்சிப் பணி), ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குகிறோம். ஒரு பேராசிரியர் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திட்டம் எழுதியிருப்பார், அது தேறியிருக்கும், அதன் பட்ஜெட்டில் ‘போஸ்ட்டாக் ஒருவர், 36 மாதம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் நீங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது நீங்கள் அந்த லேபின் பெயரையே கேள்விப்படுவதற்கு முன் எழுதி முடிக்கப்பட்டிருக்கும். இதில் கெட்டது எதுவும் இல்லை, சொல்லப்போனால் பிஎச்டி முடித்த களைப்பில் இருப்பவர்களுக்கு அடுத்தவர் யோசித்து வைத்த கேள்வியில் இறங்குவது நிம்மதி. சம்பளம் ஒழுங்காக வரும், பெரும்பாலான இடங்களில் முறையான ஊழியர் என்ற அந்தஸ்து உண்டு, புதிய டெக்னிக் ஒன்று கைக்குப் பழகும். பலர் கவனிக்காதது ஒன்று இருக்கிறது. கிராண்டின் கடிகாரம் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து ஓடாது, கிராண்ட் தொடங்கிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். விளம்பரம் போட்டு, ஆள் எடுத்து, விசா வந்து சேர பத்து மாதம் ஆனால், 36 என்பது 26 ஆகிவிடலாம். நீட்டிப்பு கேட்கலாம்தான். கொடுப்பார்களா என்பது நிதி தரும் அமைப்பின் கையில்.

‘ஓராண்டு, நிதியைப் பொறுத்து நீட்டிக்கப்படலாம்’ என்ற வரிக்கு வருவோம். இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு, காகிதத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஒன்று, பணம் மூன்று வருஷத்துக்கு இருக்கிறது, ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாக அலுவலகம் வருஷா வருஷம்தான் ஒப்பந்தம் போடும். இரண்டு, பணம் நிஜமாகவே ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கிறது, மீதி ஆண்டவன் விட்ட வழி. முதல் வகை நல்ல வேலை. இரண்டாவது வகையில் சேர்ந்தால் ஆறாவது மாதத்திலிருந்தே அடுத்த வேலை தேட வேண்டியிருக்கும், ஆறு மாதத்தில் யாரும் ஒரு பேப்பரை முடிப்பதில்லை. எது எது என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் கொஞ்சம் துப்பறியலாம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச். தரும் கிராண்டுகள் ‘ரிப்போர்ட்டர்’ என்ற தளத்தில் திறந்தே கிடக்கின்றன, ஐரோப்பிய ஒன்றியத்துடையவை ‘கார்டிஸ்’ தளத்தில், பிரிட்டனுடையவை ‘கேட்வே டு ரிசர்ச்’ தளத்தில், ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. தருபவை ‘ஜெப்ரிஸ்’ தளத்தில். பேராசிரியரின் பெயரைப் போட்டால் அவர் கையில் இருக்கும் கிராண்டுகளும், அவை எந்த வருஷத்திலிருந்து எதுவரை என்பதும் வந்துவிடும். லேபின் இணையப் பக்கத்தைப் பத்து தடவை படிப்பதைவிட இது உபயோகம்.

விளம்பரங்களில் இன்னொரு வகையும் உண்டு: ஆள் ஏற்கெனவே முடிவாகி, விதிக்காகப் போடப்படுவது. தகுதிகள் ஒரே ஒருவரின் சிவியைப் பார்த்து எழுதியதுபோல விநோதமாகப் பொருந்தியிருக்கும், கடைசித் தேதி பத்து நாளில் இருக்கும். நான் அப்படி ஒன்றுக்கு ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கவர் லெட்டர் எழுதி இன்டர்வியூவுக்குப் போனேன். கட்டடத்துக்குள் நுழைய கார்டு வேண்டும், ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட்டு, அறையைக் காட்டி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எனக்கு அடுத்த இன்டர்வியூ அவருக்குத்தான். அவரே அங்கே அந்த வேலையை ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார், அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை, என் சனி ஞாயிறு போனதில்தான்.

அதனால்தான் விளம்பரம் வருவதற்கு முன்னாலேயே கதவைத் தட்டுவது. நேரடியாக மெயில் அனுப்பிக் கிடைப்பதும் அதே போஸ்ட்டாக் வேலைதான், வாசல்தான் வேறு. பணம் கைக்கு வருவதற்கும் விளம்பரம் வெளியே வருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. உங்கள் மெயில் போய் விழ வேண்டியது அந்த இடைவெளியில். உதாரணத்துக்கு, ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம், அதாவது இ.ஆர்.சி., தன் ஸ்டார்ட்டிங் கிராண்ட் முடிவுகளைப் பெயர்களோடு வெளியிடுகிறது. ஐந்து ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் யூரோ வரை வரும் கிராண்ட் அது. அதை வாங்கியவர் சில மாதங்களில் ஒரு குழுவைக் கட்டியாக வேண்டும், முன் அனுபவமும் பெரும்பாலும் குறைவு, நல்ல ஆள் எங்கே என்று அவரும் தேடிக்கொண்டிருப்பார். அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதும் மெயிலும், துறையின் பெரிய பெயர்களுக்கு மொத்தமாக அனுப்பும் மெயிலும் ஒன்றல்ல.

மொத்தமாக அனுப்பி அனுபவப்பட்டவள் நான். அறுபது சொச்சம் மெயில், எல்லாவற்றிலும் ‘உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் ஈர்த்தது’. பதில் வந்தது இரண்டு. அதில் ஒன்று, "நான் அவர் இல்லையே" என்று. முந்தைய பேராசிரியரின் பெயரை மாற்றாமல் அனுப்பியிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு மெயிலுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டேன். அவர்களுடைய சமீபத்திய பேப்பரில் ஒரு படத்தை எடுத்து, ‘இந்த மூன்றாவது படத்தில் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஏன் அளக்கவில்லை, என் பிஎச்டியில் பழகிய முறையில் அதை அளக்க முடியும்’ என்று நாலு வரி. என்னைப் பற்றி மூன்று வரி. எப்போது சேர முடியும் என்று ஒரு வரி. சிவி இணைப்பு. அவ்வளவுதான். இப்படி எழுதியவற்றில் பாதிக்குப் பதில் வந்தது, ‘இப்போது பணம் இல்லை, ஆனால் சேர்ந்து ஃபெலோஷிப் எழுதலாமா?’ என்பது அதில் அடிக்கடி வந்த பதில். அதை நாசூக்கான மறுப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள் பலர். பல சமயம் அது நிஜமான அழைப்பு.

ஃபெலோஷிப் எழுதுவதென்றால் ஒரு வருஷத்தைப் பணயம் வைப்பதுதான், அதைச் சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் பேசக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லடோவ்ஸ்கா க்யூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு 2024 அழைப்பில் 10,360 விண்ணப்பங்கள் வந்தன, 2025 அழைப்பில் 17,058. ஒரே வருஷத்தில் இவ்வளவு கூடினால், நல்ல திட்டம் எழுதியும் கிடைக்காமல் போவது சர்வசாதாரணம். செப்டம்பரில் அனுப்பினால் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும், கிடைத்தாலும் உடனே சேர்ந்துவிட முடியாது. கையில் வேறு வருமானம் இல்லாதவர்கள் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் கிடைத்துவிட்டால் கதையே வேறு. கேள்வி உங்களுடையது. பேராசிரியரோடு ஒத்துவராவிட்டாலும் பேச்சுவார்த்தைக்கு உங்கள் கையில் ஏதோ இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்தில் ‘என் பெயரில் நிதி வாங்கியிருக்கிறேன்’ என்று எழுதலாம், ஆசிரியப் பணிக்கான தேர்வுக் குழுக்கள் தேடுவதும் அதைத்தான். என்.ஐ.ஹெச்.சின் கே99 வகை விருது இதற்கென்றே வடிவமைத்தது: முதல் கட்டம் போஸ்ட்டாக்காக, இரண்டாவது கட்டமான ஆர்00 மூன்று ஆண்டு வரை, நீங்கள் ஆசிரியராகச் சேரும் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கூடவே வரும்.

இரண்டு பள்ளம் இருக்கிறது, தாண்டிப் போக வேண்டும். ஃபெலோஷிப் சம்பளத்தைத் தரும், ஆய்வுச் செலவை முழுதாகத் தரும் என்று சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டு போய், அங்கே ரசாயனம் வாங்கக் காசில்லாத லேபில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, சில நாடுகளிலும் சில திட்டங்களிலும் ஃபெலோ என்பவர் ஊழியர் இல்லை, உதவித்தொகை பெறுபவர். நேற்று வரை சம்பளப் பட்டியலில் இருந்தவர், பெருமைக்குரிய ஃபெலோஷிப் வாங்கிய மறுநாள் ஓய்வூதியப் பங்களிப்பையும் காப்பீட்டையும் இழப்பது நடக்கிற விஷயம்தான். வாழ்த்து மெயில் வந்த அன்றே நிர்வாக அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கடிகாரங்களை மறந்துவிடாதீர்கள். பிஎச்டி சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். மேலே சொன்ன ஐரோப்பிய ஃபெலோஷிப்புக்கு 2025 அழைப்பில் எட்டு ஆண்டு வரம்பு. கே99-க்கு போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டக் கூடாது. ஜெர்மனியில் பல்கலைக்கழகங்களின் தற்காலிகப் பணிகளுக்கு பிஎச்டிக்கு முன் ஆறு, பின் ஆறு என்று சட்டமே இருக்கிறது. இதில் விளம்பர வேலையும் ஃபெலோஷிப்பும் மோதிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. அந்த ஐரோப்பிய ஃபெலோஷிப்பின் விதிப்படி, விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போகப்போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. ஆகவே ‘முதலில் ஒரு விளம்பர வேலையில் சேர்ந்து அங்கே போய்விடுவோம், பிடித்திருந்தால் அங்கிருந்தே ஃபெலோஷிப் போடுவோம்’ என்ற திட்டம் பதின்மூன்றாம் மாதத்தில் செத்துவிடும். கேட்டால் யாரும் மறைக்க மாட்டார்கள், ஆனால் யாரும் தானாக வந்து சொல்லவும் மாட்டார்கள்.

பணம் யார் பெயரில் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது மிகை என்று தோன்றினால் டக்ளஸ் பிராஷரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். ஜெல்லிமீனில் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992-ல் வெளியிட்டவர். வேலையைத் தொடர நிதி கிடைக்கவில்லை. மார்ட்டின் சால்ஃபியும் ரோஜர் சியெனும் கேட்டபோது மரபணுவை அவர்களுக்கு அனுப்பிவைத்துவிட்டு அந்த ஆய்வைவிட்டே விலகினார். அந்தப் புரதத்துக்காக 2008-ல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டபோது பிராஷர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திறமைக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் சியெனே தன் லேபில் வேலை கொடுத்தார்.

மூன்றாவது வகையைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதே குறைவு. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் போன்ற பெரிய கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்களில் ஸ்டாஃப் சயின்டிஸ்ட் வேலை. ஆய்வுக் குழுக்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலை (இந்தப் பெயரே 2012-ல் பிரிட்டனில் பிறந்தது, அதற்கு முன்பும் அதே வேலையைச் செய்தார்கள், போஸ்ட்டாக் என்ற பெயரில்). ஒப்பந்தம் நீளமானது, சில இடங்களில் நிரந்தரம். மற்றவர்களின் கேள்விக்கு நீங்கள் பதில் தேடித் தருகிறீர்கள், பேப்பரில் உங்கள் பெயர் நடுவில் எங்கோ வரும், சில சமயம் நன்றி சொல்லும் பகுதியோடு சரி. பேராசிரியர் ஆக வேண்டும் என்ற நெருப்பு உள்ளே இருந்தால் இது புழுங்க வைக்கும். கருவியோடு இருப்பதுதான் பிடிக்கும், கிராண்ட் எழுதுவது எட்டிக்காய் என்பவர்கள் ஏன் மூன்று போஸ்ட்டாக் செய்து தலை நரைத்த பிறகு இங்கே வருகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. முதலிலேயே வரலாம். பிஎச்டி தொடங்கும் முன் ஓரிரு வருஷம் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருப்பது வேறு கணக்கு, அங்கே பணத்தைவிட அந்த லேபில் யார் உங்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லித் தரப்போகிறார் என்பதுதான் முக்கியம்.

சரி, அவள் கதைக்கு வருகிறேன். அன்று ராத்திரி இரண்டு பேராசிரியர்களுக்கும் ஒரே மெயிலை எழுதச் சொன்னேன். மூன்று கேள்வி. இந்தப் பணிக்கான நிதி எந்தக் கிராண்டிலிருந்து, அது எந்த மாதம் முடிகிறது? கிளம்பும்போது நான் தொடங்கிய எந்தப் பகுதியை என்னோடு எடுத்துப் போகலாம்? முந்தைய போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே, அவர்களில் இருவரிடம் பேசலாமா? கூடவே, முடிவு சொல்ல இரண்டு வாரம் அவகாசம். வானியலில் இதற்கு ஒரு மரபு இருக்கிறது, பிப்ரவரி 15-க்கு முன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று போஸ்ட்டாக்குகளை நெருக்குவதில்லை என்று பல நிறுவனங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. மற்ற துறைகளில் அவரவர் வாய்தான்.

"இப்படியெல்லாம் கேட்டா ஆஃபரைத் திருப்பி வாங்கிட மாட்டாங்களாக்கா?" என்றாள். இதைக் கேட்டதற்காக வாங்கிக்கொள்கிறவரிடம் மூன்று வருஷம் எப்படி இருப்பாய் என்று கேட்டேன். பதில் இல்லை, ஆனால் மெயில் போனது.

சின்ன லேபிலிருந்து மறுநாள் காலையிலேயே பதில். கிராண்ட் எண், முடியும் தேதி, சேரத் தாமதமானால் நீட்டிப்புக்கு எழுதுவதாக ஒரு வரி, இரண்டு வாரம் எடுத்துக்கொள் என்று ஒரு வரி. போஸ்ட்டாக் யாரும் இதற்கு முன் இருந்ததில்லை, மாணவர்களிடம் பேசிக்கொள் என்று இரண்டு மெயில் முகவரி. பெரிய லேபிலிருந்து வியாழன் மாலைதான் வந்தது, அதுவும் பேராசிரியரிடமிருந்து இல்லை, மேலாளரிடமிருந்து: இப்போதைய நிதி அடுத்த ஆகஸ்டோடு முடிகிறது, புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம், அவகாசம் தர இயலாது. அங்கே முன்பு இருந்த ஒருவரை அவளே தேடிப் பிடித்துப் பேசினாள். லேபைப் பற்றி இருபது நிமிஷம் புகழ்ந்தாராம். நீங்கள் ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்டதும், "அது வந்து..." என்று இழுத்துவிட்டு விசாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம்.

சின்ன லேபையே எடு என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கே கொஞ்சம் தடுமாற்றம்தான். பெரிய பெயர் கதவைத் திறக்கும், இல்லை என்று சொன்னால் பொய். புதுப்பித்தல் தேறியிருந்தால் அந்த ஒரு வருஷம் மூன்றாகி, என் யோசனை அவளுக்கு நஷ்டமாகவும் முடிந்திருக்கலாம். வேறு வருமானமோ திரும்பிப் போக ஓர் இடமோ உள்ளவள் என்றால் பெரிய லேபை எடு என்றுகூடச் சொல்லியிருப்பேன். அவளுக்கு விசாவும் வேலையும் ஒரே நூலில் கட்டியது. ஆகஸ்டில் பணம் நின்றால் நாட்டிலிருந்தும் கிளம்ப வேண்டும்.

சின்ன லேபுக்குச் சரி என்று எழுதிவிட்டாள். ஃபெலோஷிப் முடிவு இன்னும் வரவில்லை, வந்தால் என்ன செய்வது என்று புதிய பேராசிரியரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். நேற்று அந்த ஷீட்டைத் திரும்ப அனுப்பினாள். மார்க்கெல்லாம் அழிந்துவிட்டது. கிராண்ட் முடியும் தேதி ஒரு கட்டத்தில், அதிலிருந்து பதினெட்டு மாதம் பின்னோக்கி எண்ணி இன்னொரு தேதி, பக்கத்தில் சிவப்பில்: ‘அடுத்தது எழுத ஆரம்பி’.